எக்டமி, ஆட்டமி, ஆஸ்டமி: நெஞ்சு ஆபரேஷன் பேரோட வால்ல இருக்கற அர்த்தம்

எங்க பெரியப்பாவுக்கு உணவுக்குழாய்ல கேன்சர்னு ஆபரேஷனுக்கு தேதி குறிச்சப்போ, கையெழுத்து போடற ஃபார்ம்ல மூணு பேர் வரிசையா இருந்துச்சு. தொரக்காட்டமி, ஈசோஃபஜெக்டமி, ஜெஜுனாஸ்டமி. அண்ணன் அத பார்த்துட்டு "என்னடா இது, மூணு உறுப்ப எடுக்கறாங்களா"னு கேட்டாரு, கை நடுங்குது அவருக்கு. பக்கத்துல இருந்த சிஸ்டர் கேட்டுட்டு சொன்னாங்க: "இல்லண்ணா, ஒண்ணு திறக்கறது, ஒண்ணு எடுக்கறது, இன்னொண்ணு சாப்பாட்டுக்கு வழி வைக்கறது." அவ்வளவுதான், அண்ணன் கையெழுத்து போட்டுட்டாரு. அந்த மூணு வினைச்சொல்லயும் தமிழ்லயே அந்த ஃபார்ம்ல எழுதியிருந்தா அவர் அப்படி நடுங்கியிருக்க வேண்டியதில்லையேன்னு எனக்கு இன்னும் ஆறல, அதான் இத எழுதறேன்.

காதுல விழும்போது மூணும் "டமி"னு ஒரே மாதிரிதான் முடியுது. ஆனா உள்ள இருக்கறது ரெண்டு வேற வேற கிரேக்க சொல்லு. ஒண்ணு தோமே, வெட்டுன்னு அர்த்தம். வெட்ட முடியாததுன்னு அணுவுக்கு ஆட்டம்னு பேர் வந்தது இதே வேர்லதான், உடம்ப அறுத்துப் பார்த்து படிக்கற படிப்புக்கு அனாட்டமின்னு பேர் வந்ததும் இதுலதான். வெறும் தோமே மட்டும் வந்தா 'ஆட்டமி', அதாவது வெட்டித் திறக்கறது, எதையும் எடுக்கறதில்ல. முன்னாடி 'எக்' சேர்ந்தா, எக்னா வெளியன்னு அர்த்தம், 'எக்டமி', வெட்டி வெளிய எடுக்கறது. மூணாவது 'ஆஸ்டமி' இந்தக் குடும்பமே கிடையாது, அது ஸ்டோமாங்கற சொல்லு, ஸ்டோமான்னா வாய். உடம்புல புதுசா ஒரு வாய் வைக்கறதுதான் ஆஸ்டமி. ஆக திறப்பு, எடுப்பு, வாய் வைப்பு. சிஸ்டர் சொன்னது அகராதி அர்த்தமேதான்.

இதுல நம்ம ஊர்ல அதிகம் குழப்பம் பண்ற சொல்லு லோபெக்டமி. நுரையீரல் ஒரே பை இல்ல, வலது பக்கம் மூணு பகுதி, இடது பக்கம் ரெண்டு பகுதி, ஒவ்வொண்ணும் லோப். கிரேக்கத்துல லோபோஸ்னா காதுல தொங்கற அந்த சதை, நாம கம்மல் போடற இடம். தமிழ்ல அதுக்கு அச்சு அசலா ஒரு சொல்லு இருக்கு, சோணை. இலங்கைத் தமிழ் பாடப்புத்தகத்துல லோபுக்கு சோணைன்னுதான் போடறாங்க, நுரையீரலுக்கு சுவாசப்பை. தமிழ்நாட்டுல பெரும்பாலும் மடல்னு எழுதறோம். காது மடல்னா முழு வெளிக்காது, சோணை அதோட அடி நுனி மட்டும், அதனால கணக்கா பார்த்தா இலங்கைக்காரங்க சொல்லுதான் கிரேக்கத்துக்கு கிட்ட நிக்குது. ஆனா வாழை மடல், தாழை மடல்னு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒட்டியிருக்கறது நம்ம கண்ணுல நிக்கும் பாருங்க, நுரையீரல் பகுதிகளும் அப்படித்தான் நடுவுல ஒரு பிளவு விட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால நான் மடல் பக்கம். லோபெக்டமின்னா மடலெடுப்பு, கொஞ்சம் எழுத்து நடையில வேணும்னா மடல் நீக்கம்.

ஏன் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, ஒரு மடல எடுத்தவங்கள பத்தி ஊர்ல "ஒரு பக்க நுரையீரலையே எடுத்துட்டாங்களாம்"னு பேசறாங்க, அது அவங்க காதுக்கே வருது, மனுஷன் பாதி உசுருதான் நமக்குன்னு உட்கார்ந்துடறாரு. ஒரு பக்கம் முழுசையும் எடுக்கறதுக்கு தனிப் பேர் இருக்கு, நிமோனெக்டமி. நிமோன்னா கிரேக்கத்துல நுரையீரல், நிமோனியாவுல வர்ற அதே நிமோ. இதுக்கு தமிழ்ல 'முழு நுரையீரல் நீக்கம்'னு எழுதணும், அந்த 'முழு'வ விடவே கூடாது. மடலெடுப்புல மிச்சம் இருக்கற மடல் கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு காலி இடத்த ஓரளவு நிரப்பிடும், அதுக்குத்தான் வார்டுல அந்த மூணு பந்து இருக்கற பிளாஸ்டிக் டப்பாவ கையில குடுத்து இழு இழுன்னு உயிர வாங்கறாங்க, அத விளையாட்டுப் பொருளா நினைக்காம இழுங்க தயவு செஞ்சு.

நிமோனெக்டமின்னு சொன்னா 1933-ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல நடந்தத சொல்லாம போக முடியாது. எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன், வந்த பேஷன்ட்டும் ஒரு டாக்டர்தான், இடது நுரையீரல்ல கேன்சர். மடல மட்டும் எடுக்கலாம்னு திறந்தாங்க, கட்டி இருந்த இடத்துக்கு அது போதாதுன்னு தெரிஞ்சதும் இடது நுரையீரல் முழுசையும் ஒரே ஆபரேஷன்ல எடுத்தாரு, கேன்சருக்கு அப்படி எடுத்து பேஷன்ட் பிழைச்ச முதல் ஆபரேஷன் அதுதான். அந்த பேஷன்ட் அதுக்கப்புறம் 30 வருஷம் இருந்தாரு. கிரஹாம் சிகரெட் நிறைய பிடிச்சவரு, பிற்பாடு 1950-ல அவரும் எர்ன்ஸ்ட் விண்டரும் சேர்ந்து சிகரெட்டுக்கும் நுரையீரல் கேன்சருக்கும் தொடர்பு இருக்குன்னு ஆய்வு வெளியிட்டாங்க, 1957-ல கிரஹாம் இறந்தது நுரையீரல் கேன்சர்லயே. பேஷன்ட் அவருக்கு அப்புறமும் உயிரோட இருந்தாரு. இத முதல் தடவ படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல.

மடலுக்கும் சின்னதா எடுக்கறது ரெண்டு இருக்கு. செக்மென்டெக்டமி, மடலுக்குள்ள தனி காத்துக்குழாயும் தனி ரத்தக்குழாயும் வச்சிருக்கற ஒரு கூறு, அத மட்டும் எடுக்கறது, 'கூறெடுப்பு'ன்னு சொல்லலாம். ஆரஞ்சுச் சுளை மாதிரி நினைச்சுக்கோங்க, ஆனா சுளைன்னு பேர் வச்சா ஆஸ்பத்திரில யாரும் எழுத மாட்டாங்க. இன்னொண்ணு வெட்ஜ், அதாவது ஆப்பு, கூறு எல்லையெல்லாம் பார்க்காம தர்பூசணிய சோதிக்க கடைக்காரர் ஒரு முக்கோணத் துண்டு எடுப்பாரே அப்படி. ரொம்ப வருஷமா கேன்சர்னா மடலெடுப்புதான் முறைன்னு இருந்துச்சு, 1995-ல வந்த ஒரு ஆய்வுல சின்னதா எடுத்தவங்களுக்கு அதே இடத்துல திரும்ப வர்றது அதிகம்னு தெரிஞ்சது ஒரு காரணம். 2022-ல ஜப்பான்ல இருந்து வந்த பெரிய ஆய்வு, 2 சென்டிமீட்டருக்குள்ள, நுரையீரல் ஓரத்துல இருக்கற கட்டிக்கு கூறெடுப்பே போதும்னு காட்டுச்சு. அதனால இப்ப டாக்டர்கிட்ட "மடலா, கூறா"ன்னு கேக்கறது நியாயமான கேள்வி, எது சரின்னு கட்டி அளவும் இடமும் மூச்சுத் திறனும் பார்த்து அவங்கதான் சொல்லணும்.

இப்ப ஆட்டமி. தொரக்காட்டமில வர்ற தொராக்ஸ்னா பழைய கிரேக்கத்துல போர் வீரன் மாட்டற மார்புக் கவசம். கவசத்தோட பேரு அப்புறம் அது மூடற இடத்துக்கே வந்துடுச்சு. நம்ம சொல்லு இன்னும் அழகு, நெஞ்சாங்கூடு. தாம்பரத்துல இருக்கற சானடோரியம், 1928-ல ஆரம்பிச்சது, அதுக்கு தமிழ்ல அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைன்னு பேர், அங்க 'நெஞ்சக'ன்னு பலகைலயே வந்தாச்சு. அதனால தொரக்காட்டமி நெஞ்சகத் திறப்பு, விலா எலும்புக்கு நடுவுல அறுத்து வழி பண்றது. அதே வேலைய சின்ன சின்ன துளை போட்டு கேமரா விட்டு பண்ணா வாட்ஸ்னு சொல்றாங்க, தமிழ்ல 'நெஞ்சகத் துளை ஆபரேஷன்'னு சொன்னா போதும். இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், துளைங்கறது உள்ள போற வழிதான், உள்ள எடுக்கறது அதே மடல்தான். "துளைதானே, சின்ன ஆபரேஷன்"னு நினைச்சு மறுநாளே ஊருக்குப் போலாம்னு கிளம்பறவங்க இருக்காங்க, வழி சின்னதுங்கறதால வேலை சின்னது ஆயிடாது.

உணவுக்குழாய் பக்கமும் ஒரு ஆட்டமி இருக்கு. அச்சலேசியான்னு ஒரு நோய், குழாயோட அடில இருக்கற வால்வு மாதிரி தசை விழுங்கும்போது தளரவே தளராது, சாப்பாடு நெஞ்சுலயே நிக்கும், தண்ணியும் இறங்காது. சொல்லுக்கே அர்த்தம் தளராமைதான். 1913-ல ஜெர்மனில எர்ன்ஸ்ட் ஹெல்லர் அந்தத் தசைய நீளவாக்குல கீறி விட்டாரு, இன்னிக்கு வரைக்கும் அது ஹெல்லர் மயாட்டமி. மயோன்னா தசை, அதனால தசைக் கீறல். இப்ப வாய் வழியா எண்டோஸ்கோப் விட்டு உள்பக்கமா கீறற முறையும் ஜப்பான்ல இனோவே 2008-ல ஆரம்பிச்சு இங்கயும் வந்தாச்சு. பொம்பளைங்க நிறைய பேரு கேள்விப்பட்டது மயோமெக்டமி, அது கர்ப்பப்பைல இருக்கற ஃபைப்ராய்டு கட்டிய எடுக்கறது, ஒரு எக் உள்ள வந்ததும் சங்கதியே மாறிப்போச்சு பாருங்க.

சரி, பெரியப்பாவோட ஈசோஃபஜெக்டமிக்கு வரேன். ஈசோஃபேகஸ்ங்கற சொல்ல பிரிச்சா 'சுமந்து போறது', 'தின்னறது', அதாவது தின்னத சுமந்து போறது. நம்ம உணவுக்குழாய் அதே எண்ணம். இலங்கைல களம்னு சொல்றாங்க, நெல்லு அடிக்கற களம் இல்ல, பழந்தமிழ்ல களம்னா கழுத்து, தொண்டைன்னும் அர்த்தம் உண்டு. எனக்குப் பிடிச்ச இன்னொரு சொல்லு மிடறு, தொண்டைக்கும் அதே பேரு, ஒரு வாட்டி விழுங்கற அளவுக்கும் அதே பேரு, ரெண்டு மிடறு தண்ணின்னு சொல்றோமே. இந்த நோய்க்காரங்களுக்கு அந்த ரெண்டு மிடறு எவ்வளவு பெரிசுன்னு கூட இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

எடுக்கறது பாதிதான், மீதி இணைக்கறது. 1913-லயே நியூயார்க்ல ஃப்ரான்ஸ் டோரெக் நெஞ்சுக்குள்ள இருக்கற உணவுக்குழாய வெற்றிகரமா எடுத்துட்டாரு, ஆனா உள்ள இணைக்கல, கழுத்துல ஒரு துளை, வயித்துல ஒரு துளை, நடுவுல உடம்புக்கு வெளிய ஒரு ரப்பர் குழாய், பேஷன்ட்டா இருந்த அம்மா அதோடயே பத்து வருஷத்துக்கு மேல சாப்பிட்டு வாழ்ந்தாங்க. இப்ப பெரும்பாலும் இரைப்பையையே நீளமா குழாய் மாதிரி ஆக்கி மேல இழுத்து இணைக்கறாங்க. 1946-ல ஐவர் லூயிஸ் சொன்ன முறைல வயித்தையும் வலது நெஞ்சையும் திறந்து நெஞ்சுக்குள்ளயே இணைப்பு, மெக்கியோன் முறைல அது கழுத்துல. அந்த இணைப்புக்கு அனாஸ்டமோசிஸ்னு பேரு, அதுக்குள்ளயும் ஸ்டோமா இருக்கு, வாயோட வாய் வைக்கறது. வாய்ச்சேர்ப்புன்னு நான் சொல்வேன். "லீக் ஆகலயே"ன்னு டாக்டருங்க தினம் கேக்கறது இந்த வாய்ச்சேர்ப்பதான், அது ஆறற வரைக்கும் வாய் வழியா எதையும் அவசரப்பட்டு குடுக்க மாட்டாங்க, நாமளும் பாசத்துல ஒரு வாய் இளநீர்னு குடுத்துடக் கூடாது.

அது வரைக்கும் சாப்பாடு போறதுக்குத்தான் மூணாவது பேரு, ஜெஜுனாஸ்டமி. ஜெஜுனம்னா சிறுகுடல்ல நடுப்பகுதி, லத்தீன்ல அந்தச் சொல்லுக்கு பட்டினின்னு அர்த்தம், செத்த உடம்ப அறுத்துப் பார்த்தப்போ அந்த இடம் எப்பவும் காலியா இருந்ததால வந்த பேரு. பட்டினின்னு பேர் வச்ச குடல் வழியாத்தான் பெரியப்பாவுக்கு மூணு வாரம் சாப்பாடு போச்சு. இடைச்சிறுகுடல் வாய்ன்னு எழுதலாம், வீட்டுல 'சாப்பாட்டுக் குழாய்'னு சொன்னா தப்பே இல்ல.

டமில முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துக்கறேன், ஏன்னா காசநோய்க்கும் சீழுக்கும் நம்ம நாட்டுல அதிகம் நடக்கறது இது, டீகார்டிகேஷன். நெஞ்சுக்குள்ள சீழ் கட்டி நாளானா நுரையீரல் மேல தடிப்பா ஒரு தோல் படிஞ்சு அத விரிய விடாம பிடிச்சுக்கும், அந்தத் தோல உரிச்சு எடுக்கறது. கார்டெக்ஸ்னா லத்தீன்ல மரப்பட்டை. அப்ப தமிழ்ல பட்டை உரிப்பு, வேற யோசிக்கவே வேணாம், கேட்ட உடனே புரியுது, நுரையீரல எடுக்கலங்கறதும் சேர்ந்து புரியுது.

சர்ஜரிங்கற மூலச் சொல்லுக்கே தமிழ்ல மூணு வழி ஓடியிருக்கு. யாழ்ப்பாணம் பக்கம் மானிப்பாய்ல தமிழ்லயே டாக்டர் படிப்பு சொல்லிக் குடுத்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன் 1867-ல கொண்டு வந்த சர்ஜரி புத்தகத்துக்கு இரண வைத்தியம்னு பேரு. இலங்கைல இன்னிக்கு சத்திரசிகிச்சை, இந்த சத்திரம் தங்கற சத்திரம் இல்ல, ஆயுதம்னு அர்த்தம் வர்ற வடசொல்லு. தமிழ்நாட்டுல அறுவை சிகிச்சை. குலசேகர ஆழ்வார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்"னு பாடியிருக்காரு, அறுக்கறதுங்கற வினை அப்பவே மருத்துவனோட சேர்ந்து வந்திருக்கு.

பெரியப்பா வீட்டுக்கு வந்தப்புறம் அவரோட ஃபைல் மேல அண்ணன் ஒரு வெள்ளைப் பேப்பர் ஒட்டினாரு. வலது நெஞ்சகத் திறப்பு. உணவுக்குழாய் நீக்கம், இரைப்பையால வாய்ச்சேர்ப்பு. இடைச்சிறுகுடல் வாய். கீழ பெரியம்மா கையெழுத்துல: கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை சாப்பாடு, சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, தலைமாடு உசரமா இருக்கணும்.