குளக்கட்டில் கசிவு கண்டால் யாரிடம் சொல்வது?

1986 ஏப்ரல் 20, விடியுமுன் மூன்று மணியளவில் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமில்லை. வெள்ளம் மேவினால்தான் மண்கட்டு உடையும் என்று நம்பியிருப்பவர்கள் அந்தத் திகதியை மறக்கக்கூடாது. கட்டு உள்ளுக்குள்ளேயும் அரிபடும்.

திருகோணமலை மாவட்டத்தில் உங்கள் ஊர்க் குளம் யாருடைய பொறுப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 80 ஹெக்டேர், அதாவது சுமார் 200 ஏக்கர் வரை வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் கமக்காரர் அமைப்புகளோடு சேர்ந்து பார்க்கிறது. கந்தளாய் போன்ற பெரிய குளங்களில் கட்டு, மதகு, வான் (குளம் நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் இடம்) எல்லாம் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். வயல் வாய்க்கால் துப்புரவு மட்டும் கமக்காரர் தலையில்.

சரி, எதைப் பார்ப்பது? கட்டின் வெளிப்பக்க அடிவாரத்தை. மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். தெளிவாக, நேற்றைய அளவிலேயே வந்தால் அவசரமில்லை, தொடர்ந்து கவனித்தால் போதும். கலங்கலாக வந்தால், போத்தலின் அடியில் மண் படிந்தால், கட்டின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நாள் கணக்குப் பார்க்க முடியாது, மணிக்கணக்குத்தான். உடனே கிராம உத்தியோகத்தருக்கும் பொறுப்பான திணைக்களத்துக்கும் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். கசியும் வாயை நீங்களே களிமண்ணால் அடைக்கப் போகாதீர்கள். தண்ணீர் வேறு வழி தேடும்.

கறையான் புற்று, உடும்புப் பொந்து, கட்டில் வளர்ந்த மரம் இவையும் கட்டுக்குள் தண்ணீருக்கு வழி திறந்துவிடும். மரத்தை வெட்டிவிட்டால் மட்டும் போதாது, உக்கிய வேர் விட்டுப்போகும் துளை தண்ணீருக்குக் குழாய் மாதிரி. அலை அடிக்கும் பக்கத்தில் அடுக்கியிருக்கும் கல்லை வீட்டு அத்திவாரத்துக்கு ஏற்றிப்போவதும் கட்டைத் தின்பதுதான்.

இன்னொன்றை மனம் நொந்து சொல்கிறேன். சிறுபோகத்துக்கு, அதாவது வறண்ட காலப் பயிர்ச்செய்கைக்கு, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கட்டும் என்று வானில் மண்மூடை அடுக்குகிறார்கள். அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒரு பெருமழை வந்தால் வானால் போகவேண்டிய வெள்ளம் கட்டின் மேலால் போகும். மண்கட்டு அதைத் தாங்காது.

போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பெரும்பாலும் விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் நாளும்தான் பேசப்படும். அங்கேயே எழும்பி, கட்டை யார், எப்போது நடந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.