சாரணர் குழுவைப் பற்றிப் பெற்றோர் கேட்க மறக்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் குழந்தைகள் உளவியலாளராகப் பணிபுரியும் என்னிடம் வரும் தமிழ்ப் பெற்றோர், மதிப்பெண்ணுக்கும் கைப்பேசிக்கும் அடுத்தபடியாக இப்போது அதிகம் விசாரிப்பது, பாய் ஸ்கவுட்ஸ் என்று அறியப்பட்ட சாரணர் இயக்கத்தைப் பற்றித்தான். எடிசன், பிஸ்கட்டவே பக்கத்து நம் குடும்பங்களில் பையனை அதன் சிறுவர் பிரிவான கப் ஸ்கவுட்டில் சேர்ப்பது பாட்டு வகுப்பில் சேர்ப்பதைப் போல வழக்கமாகிவிட்டது. "தன்பாலீர்ப்பாளர்களையும் சேர்த்துக்கொள்கிறார்களாமே, இனி அங்கே பிள்ளையை அனுப்பலாமா?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இத்தனை நாள் அறையிலேயே பதில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். அண்மையில் வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு, எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். 13 வயதுப் பையன். சிறு வயதிலிருந்து போய்க்கொண்டிருந்த குழுவிலிருந்து திடீரென்று நிறுத்தப்பட்டிருந்தான். சாப்பாடு குறைந்து, நண்பர்களிடம் பேச்சு குறைந்து, கடைசியில் பள்ளி ஆலோசகர் சொல்லி என்னிடம் வந்தார்கள். உதவிச் சாரண ஆசிரியர்களில் ஒருவர் இன்னொரு ஆணை மணந்தவர் என்று தெரியவந்ததே நிறுத்தியதற்குக் காரணம். அவர் ஏதாவது தவறாக நடந்துகொண்டாரா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், தங்கமான மனுஷன்தான். ஆனா ரிஸ்க் எதுக்கு?" என்றார் தந்தை. அடுத்த அரை மணி நேரத்தில் தெரியவந்தது வேறொன்று. வார இறுதிகளில் வெளியூர் டென்னிஸ் போட்டிகளுக்கு அந்தப் பையன் பயிற்சியாளரோடு காரில் தனியாகப் போகிறான். சில சமயம் இருவரும் மோட்டலில் ஒரே அறையில் தங்குகிறார்கள். அதைப் பற்றி நான் கேட்டபோது தந்தையின் முகத்தில் சிறு கலக்கம்கூட இல்லை. "அவர் ஃபேமிலி மேன், டாக்டர். ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்றார்.

அந்தப் பயிற்சியாளர் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது; அவரை நான் பார்த்ததுமில்லை. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி அறிந்த எவரிடமும் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதைக் கேட்டுத்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் துறையில் ஒருவருக்கு யார் மீது காதல் வருகிறது என்பதை வைத்து ஆபத்தை அளப்பதில்லை. பிள்ளையோடு தனியாக இருக்க யாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது, அந்தத் தனிமையை யார் பார்க்கிறார்கள், பார்ப்பவர் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா என்பவற்றையே பார்க்கிறோம்.

இந்த விவாதத்துக்கு நம் மாநிலமே ஒரு தொடக்கம் என்பது இங்கே வாழும் பலருக்குத் தெரிவதில்லை. மாட்டவானின் 73ஆம் குழுவில் உதவிச் சாரண ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் டேல், 8 வயதில் கப் ஸ்கவுட்டாகச் சேர்ந்து 1988இல் சாரணர்களின் மிக உயர்ந்த தரநிலையான ஈகிள் ஸ்கவுட் ஆனவர்; தன்பாலீர்ப்பாளர். 1990 ஜூலையில், ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, தன்பாலீர்ப்புள்ள பதின்பருவத்தினரின் தேவைகளைப் பற்றி ஒரு நாளிதழுக்குப் பேட்டியளித்தார். படத்தோடு அது வெளியான அதே மாதத்தில் அவருடைய உறுப்பினர் தகுதி நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அவர் எந்தப் பிள்ளையிடமும் தவறாக நடந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை. 1992இல் அவர் தொடுத்த வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1999இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2000 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது.

அந்தத் தீர்ப்பைக் காட்டி, "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று வாதாடுகிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் தீர்ப்பு சொல்லாததைச் சொன்னதாகக் கூறும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு தனியார் அமைப்பு தான் பரப்ப விரும்பும் கருத்துக்கு முரணானவரைத் தலைமையில் வைத்துக்கொள்ளும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. அந்தக் கருத்து சரியா தவறா என்பதைத் தாங்கள் பார்க்கவில்லை என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் அதிலேயே எழுதியிருக்கிறார். தன்பாலீர்ப்பாளர்களால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை.

இந்த ஒரு தவறான எண்ணத்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசப் போகிறேன். என் அறையில் மிகுந்த சேதம் செய்வது இதுதான். பையன்களைச் சீண்டும் ஆண், ஆண்களை விரும்புகிறவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வளர்ந்த ஆண் வளர்ந்த ஆணை விரும்புவது வேறு. பிள்ளைகளிடம் பாலியல் நாட்டம் கொள்வது வேறு. பெண்களை மணந்து, பிள்ளை பெற்று, ஊரில் மரியாதையோடு வாழ்ந்துகொண்டே சிறுவர்களைச் சீரழித்தவர்களைப் பற்றிய குறிப்புகளை நாங்கள் ஓயாமல் படிக்கிறோம். அவர்களில் பலருக்குப் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைவிட, யார் கைக்கு எட்டுகிறார்கள் என்பதே முக்கியமாக இருக்கிறது. 1994இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான டென்வர் மருத்துவமனை ஆய்வு, பெரியவர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளான 269 பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தன்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் காணப்பட்டவை அவற்றில் 2. நூற்றுக்கு 82 பிள்ளைகளின் விஷயத்தில் குற்றம் சாட்டப்பட்டவர், அந்தப் பிள்ளையின் நெருங்கிய உறவினரோடு எதிர்பால் உறவில் இருந்தவர். தந்தை, மாற்றாந்தந்தை, சித்தப்பா, மாமா என்று நாம் கதவைத் திறந்து வரவேற்கிற மனிதர்கள் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். இதைச் சொன்னதும் சில பெற்றோர் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கோபம் வரட்டும், பிள்ளை பத்திரமாக இருந்தால் போதும்.

சாரணர் அமைப்பே இதை ஒப்புக்கொண்டுவிட்டது. தன்பாலீர்ப்பாளர்களுக்குத் தடை விதித்த உறுப்பினர் விதியை மாற்றுவதா என்று 2013இல் முடிவெடுக்குமுன், பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்கும் துறை வல்லுநர்களை அது கலந்தாலோசித்தது. தன்பாலீர்ப்பு அத்தகைய கொடுமைக்கான ஆபத்துக் காரணி அன்று என்பதே துறையினரின் ஏறத்தாழ ஒருமித்த கருத்து என்று அமைப்பின் அறிக்கையே பதிவு செய்தது.

தடை நடப்பில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் உள்ளே என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். பிள்ளைகளைச் சீண்டியதாகப் புகாருக்கு ஆளானவர்களைத் தகுதியற்ற தன்னார்வலர்கள் என்று குறித்து அமைப்பு இரகசியமாக வைத்திருந்த கோப்புகளில், 1965 முதல் 1985 வரையிலான 1,200க்கும் மேற்பட்டவை ஆரிகன் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குப் பிறகு 2012 அக்டோபரில் வெளியாயின. பல இடங்களில் புகார் காவல்துறைக்கே போகாமல் அமுக்கப்பட்டிருந்தது. 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்புக் கோரியபின், சிறுவயதில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி இழப்பீடு கேட்டவர்கள் 82,000 பேருக்கு மேல். ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பீட்டு நிதி 246 கோடி டாலர். பேட்டி கொடுத்த ஓர் ஈகிள் ஸ்கவுட்டை வெளியே தள்ளக் கடிதம் எழுதத் தெரிந்த அமைப்பு, கோப்பில் பெயர் இருந்தவர்களைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வரி எழுதவில்லை. வாசல் காவலுக்கு நின்றவர் தெருவில் போகிற அப்பாவியையே முறைத்துக்கொண்டிருக்க, கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது.

2013 மே மாதம் டெக்சஸின் கிரேப்வைனில் கூடிய ஏறத்தாழ 1,400 பிரதிநிதிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், தன்பாலீர்ப்புள்ள சிறுவர்கள் மீதான தடையை நீக்க வாக்களித்தார்கள். 2014 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெரியவர்கள் மீதான தடை மட்டும் 2015 ஜூலை வரை தொடர்ந்தது. அந்த இடைக்காலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. 17 வயதில் அங்கீகரிக்கப்பட்ட அதே பையன், வயது வந்த உறுப்பினராகத் தன் குழுவில் தொடர நினைத்தால் தகுதியற்றவனாகிவிடுவான். "நீ இப்போதைக்குப் பரவாயில்லை, வளர்ந்தால் ஆகமாட்டாய்" என்ற செய்தி பதின்பருவத்து மனத்துக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முன்னாள் பாதுகாப்புச் செயலரும் அப்போதைய சாரணர் தலைவருமான ராபர்ட் கேட்ஸ், அந்தத் தடையை இனியும் காப்பாற்ற முடியாது என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகே நிர்வாகக் குழு 45க்கு 12 என்ற கணக்கில் அதை நீக்கியது. மத அமைப்புகள் நடத்தும் குழுக்கள் தங்கள் நம்பிக்கைக்கு ஏற்பத் தலைவர்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற சலுகை மட்டும் இருந்தது. மார்மன் திருச்சபை 2019 முடிவில் விலகிக்கொண்டது. 2013இல் தோன்றிய டிரெயில் லைஃப் போன்ற கிறிஸ்தவ மாற்று அமைப்புகளும் உண்டு. தங்கள் நம்பிக்கைக்கு ஏற்ற இடத்தைப் பெற்றோர் தேடுவதில் எனக்கு மறுப்பில்லை. பாதுகாப்பு என்ற பெயரை அதற்குச் சூட்டாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் சாப்பாட்டு மேசையில் இந்த விஷயத்தைப் பேசும்போது, தட்டைப் பார்த்துக் குனிந்திருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பெண், மாமா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒற்றை வாக்கியத்தைச் சொல் மாறாமல் ஒப்பித்தாள். அது பல ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டது. குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்டதாகச் சொன்ன தன்பாலீர்ப்புள்ள இளையோர், அப்படி ஒதுக்கப்படாதவர்களைவிடத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்வது 8.4 மடங்கு அதிகம் என்று 2009இல் கலிஃபோர்னிய ஆய்வொன்று காட்டியது. சாரணர் குழுவில் யாரைச் சேர்க்கலாம் என்று நீங்கள் போடும் விவாதத்தில் உங்கள் பிள்ளையே ஒரு தரப்பாக இருக்கலாம். தயவுசெய்து அதை நினைவில் வைத்துப் பேசுங்கள். தான் தன்பாலீர்ப்புள்ளவர் என்று பிள்ளை வந்து சொன்னால் என்னிடம் "மாற்றிவிடுங்கள்" என்று அழைத்து வராதீர்கள். உரிமம் பெற்ற எவரும் சிறார்களிடம் அப்படி முயல்வதைத் தடை செய்து நியூஜெர்சி 2013இல் சட்டம் இயற்றியது. சென்னைக்குக் கூட்டிப்போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவும், அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் எடுத்த முடிவும் அந்த வழியை அங்கேயும் அடைத்துவிட்டன. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அந்த நிமிடமே 988 என்ற எண்ணை அழையுங்கள்.

இனி, குழுவில் சேர்க்குமுன் கேட்க வேண்டியவை. ஒவ்வொரு கூட்டத்திலும் முகாமிலும் 21 வயது நிறைந்த, பதிவு செய்யப்பட்ட இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா என்று கேளுங்கள். இது அமைப்பின் சொந்த விதி. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனித்திருக்கக் கூடாது என்பதும் விதி. குறுஞ்செய்திக்கும் இணைய உரையாடலுக்கும் அது பொருந்தும். பெற்றோர் அல்லாத பெரியவர் பிள்ளையோடு ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது. பிள்ளைகளுக்குள்ளும் ஒரே கூடாரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு வயதுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைச் சீண்டுவோரில் மூத்த சிறுவர்களும் உண்டு. தலைவர்களின் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். எந்த நிகழ்ச்சிக்கும் பெற்றோர் முன்னறிவிப்பின்றி வரலாம். "நீங்கள் வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் பிள்ளையைக் கையோடு கூட்டிவந்துவிடுங்கள். இதே கேள்விகளை டென்னிஸ் பயிற்சியாளரிடமும், வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணனிடமும், பாட்டு வாத்தியாரிடமும் கேளுங்கள்.

யாராவது தன்னிடம் தவறாக நடந்ததாகப் பிள்ளை சொன்னால் கத்தாதீர்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், சம்பந்தப்பட்டவரை அழைத்து நியாயம் கேட்காதீர்கள். சங்கத்துப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பது அறவே கூடாது. இந்த மாநிலத்தில், நியாயமான சந்தேகம் எழுந்தால் புகார் செய்ய வேண்டிய கடமை என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமல்ல, ஒவ்வொருவருக்கும் உண்டு. எண் 1-877-652-2873, எந்நேரமும் எடுப்பார்கள்.

ஒரு குழுவின் பதில்கள் திருப்தி தராவிட்டாலோ, அங்கே உங்கள் பிள்ளையைப் போன்ற ஒருவனைக் கேலி செய்கிறார்கள் என்று தெரிந்தாலோ, சாரணர் இயக்கத்தையே விட்டு நிறுத்த வேண்டியதில்லை. வேறு குழுவுக்கு மாற்றிக்கொள்ளலாம். இதுவரை பெற்ற தரநிலையும் பேட்ஜ்களும் பிள்ளையோடு அப்படியே போகும்.