முற்றத்தை மூடிவிட்டு ஏசி போடாதீர்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறவர்கள் மழைக்கும் புறாவுக்கும் பயந்து முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட்டை இறுக்கிப் போட்டுவிடுகிறார்கள். அறைகளின் சூடான காற்று மேலேறி வெளியே போன வழி அதுதான். அடைத்ததும் வீடு முழுக்கப் புழுங்குகிறது, அறைக்கு அறை ஏசி வருகிறது. ஷீட் வேண்டுமென்றால் ஓட்டுக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் திறந்துவிட்டு வலை கட்டுங்கள். சாரல் படாதபடி ஷீட்டை வெளியே நன்றாக நீட்டிக்கொள்ளலாம்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றவிடும். குளிர் போகக்கூடாதென்று கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டரில் தெர்மோகோல் அடைத்து டேப் ஒட்டுவதுதான் பெரிய தப்பு. தூங்குகிற ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 50 கன மீட்டர் அறையை முழுக்க அடைத்து இரண்டு பேர் படுத்தால் மணிக்கு 480 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 480 பங்கு) கூடும். வெளியே இருப்பது 420 தான். மூன்று மணி நேரத்தில் உள்ளே 1,800 தாண்டிவிடும். காலையில் தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1,000-க்குள் நிற்க, இருவருக்கும் சேர்த்து மணிக்கு 45 கன மீட்டர் புதுக்காற்று போதும். வென்டிலேட்டரைத் திறந்துவிட்டு, அறையை ஒட்டிய குளியலறையில் நாலு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டாலே கிடைத்துவிடும். அந்தக் காற்றைக் குளிர்விக்க இரவுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கூடுதலாகும். ஏசியை 20-லிருந்து 25-க்கு ஏற்றினால் அதை ஈடுகட்டலாம்.

சுவரிலும் கவனம் வேண்டும். இந்த வீடுகளின் அடிச்சுவரில் ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை உலரவிடும். மேலே சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் இன்னும் உயரே ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளிக்கும். அலமாரியை நகர்த்திப் பாருங்கள், பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கும். ஈரக்கோட்டுக்கு ஒன்றரை அடி மேல்வரை சிமென்டைக் கொத்தியெடுத்து, சில மாதம் காயவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி வெள்ளையடியுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு மிச்சமிருந்தால் அதன்மேல் எதையும் அடிக்காதீர்கள்.

புதுக்காற்று வருகிறதா என்று பார்க்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது வென்டிலேட்டர் இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட வேண்டும். அசையாமல் நின்றால் குளியலறைக் கதவின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்துவிடுங்கள். தேக்கு நிலைக்கதவில் கைவைக்க வேண்டாம்.