வரலாற்று வீட்டுப்பாடத்துக்கும் அட்லஸை எடுங்க

ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளின் சமூக அறிவியல் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நைல், யூப்ரடீஸ், டைக்ரிஸ், ஹரப்பா எல்லாம் கோடிட்ட இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். அதே பிள்ளை முன்னால் உலகப் படத்தை விரித்து எகிப்து எங்கே என்று கேட்டால் விரல் பிரேசில் பக்கம் போகிறது. வரலாறு தனி, புவியியல் தனி, படம் குறிப்பது பரீட்சைக்கு முந்தின வாரம் என்று பிரித்து வைத்திருப்பது நாம்தான். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுவரில் மாட்டும் படத்தில் வேறு ஒரு வில்லங்கம் இருக்கிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது என்றதும் வகுப்பில் யாராவது ஒருவன் "ஆறு எப்படிங் சார் மேல ஏறும்?" என்பான். நியாயமான கேள்வி. படத்தில் வடக்கு மேலே இருக்கிறதே! போதாக்குறைக்கு 'மேல் எகிப்து' என்று பெயர் வாங்கிய தென்பகுதி படத்தில் கீழே கிடக்கிறது. நான் படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் வடக்கை வகுப்பறையின் வடக்கோடு பொருத்திவிடுவேன். பந்தியில்கூட "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு" என்று பேசுகிற கொங்கு நாட்டு ஊர் எங்களது, பிள்ளைகளுக்குத் திசை சொல்லித்தரவே வேண்டாம். எத்தியோப்பிய மலையில் விழும் தண்ணீர் சரிவில் இறங்கி மத்தியதரைக் கடலுக்குப் போகிறது என்று தானாகப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஆடிக் காத்து அடிக்கிற அதே மாதங்களில் அங்கே பெய்த மழைதான் மழையே அரிதான எகிப்தில் வெள்ளமாகப் பாய்ந்து வண்டலைப் போட்டது, 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடியும்வரை.

ஆடிக் காத்து என்றதும் பாதி வகுப்பு நிமிர்ந்துவிடும், ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கிற கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில்தான் பல்லடம், உடுமலை காற்றாலைகள் சுற்றுகின்றன. செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் கிளம்பிய ரோமானியர் காலத்துக் கப்பல்களைக் கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகமான முசிறிக்குத் தள்ளிவந்ததும் இதே தென்மேற்குப் பருவக்காற்று. திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். முசிறியிலிருந்து மலை ஏறாமல் உள்ளே வர எது வழி என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேன். ரோமானியக் காசுகள் கிடைத்த வெள்ளலூர், பச்சைக்கல் எடுத்த காங்கயம் பக்கத்துப் படியூர், நொய்யல் கரையில் மணி கோத்து இரும்பு உருக்கிய கொடுமணல், அப்புறம் கரூர் என்று புள்ளி வைத்தால் கோடு அவர்களே இழுப்பார்கள். பதிற்றுப்பத்து பாடும் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்பதை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் பாயும் மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக் பக்கம்) வாய்க்கால் பாசனக்காரர் பிள்ளைகளே வாத்தியார். தென் மெசபடோமியாவில் பாய்ச்சிய தண்ணீர் வடிய வழியில்லாமல் மண்ணில் உப்பு ஏறி, கோதுமை குறைந்து பார்லி கூடியது. உப்புப் பூத்த காட்டைப் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர் வாட்ஸ்அப்பில் வருகிற 'உலகின் முதல் நாகரிகம்' செய்திகளைப் பிள்ளையிடம் காட்டும் முன் இடமும் காலமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹரப்பா நகரங்கள் ஓய்ந்தது பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 1900 வாக்கில். கொடுமணல் பட்டறைகள் ஓடியது அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் பிறகு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் பிள்ளைக்கு இரண்டுமே புரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுமணலுக்கே கூட்டிப்போகலாம், சென்னிமலைக்கு மேற்கேதான். தரையில் பாசிமணி கிடந்தால் பாக்கெட்டில் போட விடாதீர்கள். எந்த இடத்தில் எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் கல். போட்டோ எடுத்து விஏஓவிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.