பல்கலைக்கழகத் தலைவரா, துணைவேந்தரா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பிரசிடென்ட் பதவி விலகினால் நம் செய்திகளில் அவருக்குப் பல பெயர்கள் வந்துவிடுகின்றன. ஒரு நாளிதழ் 'பல்கலைக்கழக அதிபர்' என்று எழுதும். இன்னொன்று 'துணைவேந்தர்' என்று எழுதும். 'பல்கலைக்கழக ஜனாதிபதி' என்றே எழுதியதையும் படித்திருக்கிறேன். மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன.

ஜனாதிபதி என்பது ஒரு நாட்டின் மக்களுக்குத் தலைவர் என்ற பொருளில் பிறந்த சொல். பல்கலைக்கழகத்தில் அதற்கு இடமே இல்லை. அதிபர் என்ற சொல் ஊருக்கு ஊர் பொருள் மாறும். தமிழ்நாட்டில் அமெரிக்க அதிபர், தொழிலதிபர் என்று வழங்குகிறோம். இலங்கையிலோ பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர்தான் அதிபர். 'ஹார்வர்டு அதிபர்' என்று படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு முதலில் ஒரு பள்ளிக்கூடம்தான் மனதில் வரும்.

சரி, பிரசிடென்ட் என்றால் என்ன? இலத்தீனில் 'முன்னால்' என்ற சொல்லும் 'உட்கார்' என்ற சொல்லும் சேர்ந்தது அது. அவையில் முன்னே அமர்பவர், அவ்வளவுதான். அரசு, ஆட்சி, மக்கள் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஹார்வர்டில் ஹென்றி டன்ஸ்டர் அந்தப் பெயரோடு பொறுப்பேற்றது 1640-இல். அமெரிக்க நாட்டுக்கு ஒரு பிரசிடென்ட் வந்ததோ 1789-இல். நாட்டுத் தலைவருக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு முன்பே கல்விக்கூடத்துத் தலைவருக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. அதே ஹார்வர்டில் சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். எல்லோரும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்தாக வேண்டும் என்ற நிலையை மாற்றி, மாணவரே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் முறையை அங்கே நிலைநிறுத்தியவர் அவர். அப்படிப்பட்டவரைத் தமிழில் எழுதும்போது 'தலைவர்' என்ற சொல் ஏன் போதாது? தலைநகர், தலைநாள், தலைமகன் என்பவற்றில் உள்ள தலை, முதலிடத்தைச் சொல்கிறது. முன்னே அமர்பவருக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி துணைவேந்தருக்கு வருவோம். இதன் கதை நீளமானது, ஏனென்றால் இதற்குப் பின்னால் இருக்கும் ஆங்கிலச் சொல்லே ஓர் ஆச்சரியம். ஆங்கிலத்தில் இவர் வைஸ் சான்சலர். அதில் உள்ள சான்சலர் என்ற சொல்லின் வேர் இலத்தீனில் அழிகளைக் குறிக்கும் சொல். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த தடுப்பு. ரோமாபுரி நீதிமன்றத்தில் அந்த அழித்தடுப்பருகே நின்ற ஊழியருக்குத்தான் முதலில் இந்தப் பெயர். அவர் மெல்ல மெல்ல எழுத்தராகி, அரசரின் முத்திரையைக் காப்பவராகி, அமைச்சராகி, கடைசியில் பல்கலைக்கழகத்தின் உச்சப் பதவிக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு பக்கம், எழுதியது வேண்டாம் என்றால் அதன் மேல் அழி போலக் குறுக்குக் கோடுகள் இழுத்து அடித்தார்கள். டிக்கெட்டை கேன்சல் செய்கிறோமே, அந்தக் கேன்சலும் சான்சலரும் ஒரே வேரில் பிறந்தவை.

வாயில் ஊழியராகத் தொடங்கிய அந்தச் சொல்லுக்கு நாம் தேர்ந்தது வேந்தர்! முடியுடை மூவேந்தர் என்று சேர, சோழ, பாண்டியருக்கே உரித்தாக்கி வைத்திருந்த சொல். குறுநில மன்னர் பலர் இருந்தாலும் அவர்களை எளிதில் வேந்தர் என்பதில்லை. 'வேய்தல்' என்பதிலிருந்து, முடி வேய்ந்தவன் வேந்தன் ஆனான் என்று தேவநேயப் பாவாணர் விளக்குவார். கூரை வேய்கிறோம் என்று இன்றும் சொல்கிறோமே, அதே வேய்தல்தான். கூரைக்கு ஓலை, தலைக்கு முடி.

இந்தச் சொல்லைத் தேர்ந்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1857-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாகாணத்தின் ஆளுநரே சான்சலர். ஆட்சியின் உச்சியில் இருந்தவர் அவர். அவரை வேந்தர் என்றது பொருந்தத்தான் செய்தது.

ஆனால் பல்கலைக்கழகத்தை அன்றாடம் நடத்துபவர் வேந்தர் அல்லர். பாடத்திட்டம், நியமனம், தேர்வு, நிதி, மாணவர் போராட்டம் எல்லாம் வந்து நிற்பது துணைவேந்தரின் மேசையில். ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் சென்னையில் அந்த மேசையில் இருந்தார். அந்தக் காலத்தில் வேந்தர்களாக வந்துபோன ஆளுநர்களின் பெயர்களை நினைவு வைத்திருப்பவர் சிலரே. முதலியாரின் பெயர் நின்றுவிட்டது.

'துணை' என்ற முன்னொட்டைப் பலர் 'அடுத்த நிலை' என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். துணை முதல்வர், துணை ஆட்சியர் என்று கேட்டுப் பழகியதால் வந்த புரிதல் அது. ஆங்கிலத்தில் உள்ள 'வைஸ்' என்பது 'இவருக்குப் பதிலாக' என்ற பொருள் கொண்டது. தமிழில் துணை என்றால் கூட நிற்பவர், தாங்குபவர். வழித்துணை, வாழ்க்கைத்துணை, 'தெய்வம் துணை' என்பதிலெல்லாம் இருப்பது அந்தப் பொருள்தான். அப்படிப் பார்த்தால் துணைவேந்தர் என்ற தமிழ்ச் சொல் மூலத்தைவிட நல்ல சொல் என்பேன். இலங்கையில் உபவேந்தர் என்றும் வழங்குகிறார்கள். வடமொழி முன்னொட்டும் தமிழ்ச் சொல்லும் ஒட்டிய அந்த வடிவத்தில் இந்தத் துணையின் பொருள் காணாமல் போய்விடுகிறது. இதில் எனக்குத் துணைவேந்தர்தான் பிடிக்கும்.

அப்படியானால் அமெரிக்கப் பிரசிடென்டையும் துணைவேந்தர் என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். வேலை ஒன்றுதானே? வேலை ஏறக்குறைய ஒன்றுதான், பதவி அமைப்பு வேறு. துணைவேந்தர் என்றால் அவருக்கு மேலே ஒரு வேந்தர் இருக்க வேண்டும். ஹார்வர்டில் அப்படி ஒருவர் இல்லை. கலிபோர்னியாவிலோ பல்கலைக்கழக அமைப்பு முழுவதற்கும் ஒரு பிரசிடென்ட், அவருக்குக் கீழே ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சான்சலர். அங்கே சான்சலரை வேந்தர் என்று எழுதினால், வேந்தருக்கு மேலே இன்னொருவர் என்று வாசகர் குழம்பிப்போவார். வளாகத் தலைவர் என்றோ வளாக முதல்வர் என்றோ எழுதிவிட்டுப் போகலாம்.

தலைவர் என்ற சொல்லை நான் புதிதாகப் பரிந்துரைக்கவில்லை. தமிழ்மண்ணில் உயர்கல்விக்கு ஏற்கெனவே அது வழங்கியிருக்கிறது. 1972-இல் இலங்கைப் பல்கலைக்கழகங்களை எல்லாம் ஒன்றாக்கி, ஒரே துணைவேந்தரின் கீழ் வளாகங்களாக்கினார்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு பிரசிடென்ட். தமிழில் வளாகத் தலைவர் என்றார்கள். 1974-இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக வந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி.

கோலாலம்பூரில் 1933-இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பேராதனையிலும் படித்தவர் அவர். இலங்கையின் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்தார். பிறகு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கவியல் அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்கள் பாணரும் புலவரும் வாய்மொழியாகப் பாடிய மரபில் விளைந்தவை என்று, ஹோமரின் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டுக் காட்டிய அந்த ஆய்வு 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. வேந்தர்களையும் வேளிரையும் பாடிய பாட்டுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர், பதவி என்று வந்தபோது தலைவர் என்ற பெயரோடுதான் அமர்ந்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும் செய்தி இது.

அவருக்குக் கிடைத்தது இரண்டு ஊர்களில் பிரிந்துகிடந்த வளாகம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பழைய பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்கள் ஒரு பக்கம், வட்டுக்கோட்டையில் விஞ்ஞான வகுப்புகள் இன்னொரு பக்கம். தொடக்க ஆண்டுகளில் தமிழ் மாணவரோடு சிங்கள மாணவரும் அங்கே படித்தார்கள். 1977 வரை அவர் தலைவராக இருந்தார். 1982 டிசம்பரில் காலமானபோது வயது நாற்பத்தொன்பதுதான்.

அவருக்குப் பின் வளாகத் தலைவரானவர், ஈழத்துக் கூத்துக்குப் பல்கலைக்கழக மேடையில் இடம்தேடித் தந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1979 ஜனவரியில் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. அதோடு அவரது பதவிப் பெயரும் துணைவேந்தர் என்று மாறியது. மனிதர் அவரேதான், இடமும் அதேதான்.

இந்த மாற்றம் தெரியாமல் கைலாசபதியை 'யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்' என்று எழுதிவிடுகிறோம். யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் கைலாசபதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் வித்தியானந்தன் என்று எழுதுவதே சரி.