எந்த நாற்பது?

நீர்த்தொட்டியிலுள்ள உணரி, பம்பு மோட்டார், மின்மீட்டர் ஆகிய மூன்றும் ஒரே வைஃபையில் இணைந்திருந்தும், ஒன்று சொல்வது மற்றொன்றுக்கு ஏன் விளங்குவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு வைஃபையின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை எங்கேயாவது எழுதிவைத்திருந்தால்தான் மற்றக் கருவிக்கு அது விளங்கும்.

எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் 150 செ.மீ. உயரமுள்ள தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியின் அடியில் மீயொலி உணரி ஒன்றைப் பொருத்தினோம். ஒலியைக் கீழே அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று அது கணக்கிடும். நீர் 40 செ.மீ. கீழே இருந்தால் ஒலி போய்த் திரும்ப ஏறத்தாழ 2.3 மில்லிவினாடி ஆகும்; உணரி 40 என்று அனுப்பும். மோட்டாருக்கான நிரலை வேறொருவர் எழுதினார். எண் 50-க்குக் குறைந்தால் நீர் குறைவு, மோட்டாரைப் போடு என்பது அவருடைய விதி. உணரி அனுப்பிய 40 நீரின் உயரமன்று, மூடிக்கும் நீருக்கும் இடைப்பட்ட வெற்றிடம் என்பது எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை. 110 செ.மீ. நீர் இருந்த தொட்டியில் மோட்டார் ஓடத் தொடங்கியது; நீர் ஏற ஏற எண் இறங்கிக்கொண்டே போனதால், நிரல் மோட்டாரை நிறுத்தவே இல்லை. விடியும் வரை மாடிப்படிகளில் தண்ணீர் வழிந்தது.

இத்தகைய பொருள்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினி தானே படித்தறியும் வகையில் வரையறுத்துத் தரும் சொற்றொகுதிக்கு ஆன்டாலஜி என்று பெயர். உணரிகளுக்கென எழுதப்பட்டவற்றுள் முதன்மையானது, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 அக்டோபரில் பரிந்துரையாக வெளியிட்ட எஸ்எஸ்என். அதன் கருப்பகுதியின் பெயர் சோசா. வீட்டுக் கருவிகளில் தொடங்கிப் பல துறைகளுக்கு விரிந்த சாரெஃப் என்னும் இன்னொன்றை ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்சி பராமரிக்கிறது.

சோசாவில் என்னை மிகவும் கவர்ந்தது, அளவீட்டை அது கையாளும் விதம். உணரிக்குக் கீழே ஒரு மதிப்பாக 40-ஐத் தொங்கவிடுவதுதான் நமக்கு முதலில் தோன்றும் வழி. சோசாவோ அளந்த செயலையே தனிப் பொருளாக்கி, அதற்கு அவதானிப்பு என்று பெயரிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதனோடு இணைக்கிறது. எதைப் பற்றி அளந்தோம், அதன் எந்தப் பண்பை அளந்தோம், எந்த முறையில், எந்த உணரியால், கிடைத்த விடை என்ன என்பவை தனித்தனி இழைகளாக அதில் வந்து சேர்கின்றன. காலத்துக்கும் இரண்டு இழைகள் உண்டு. தொட்டி நீரைத் திங்கட்கிழமை புட்டியில் பிடித்துக் கொடுத்து, ஆய்வகம் அதன் கடினத்தன்மையை வியாழக்கிழமை சொன்னால், அந்த விடை திங்கட்கிழமை நீருக்கு உரியது. அளவீடு முடிந்ததோ வியாழக்கிழமை. இரண்டையும் பிரித்துச் சொல்ல சோசாவில் இடம் இருக்கிறது.

இன்னும் அழகானது, உணரி என்பதன் வரையறை. கருவி மட்டுமன்று, மனிதரும் மென்பொருளும்கூட உணரியாகலாம். தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்து முக்கால் தொட்டி இருக்கிறது என்று சொல்லும் காவலாளியும் உணரிதான். 150-இலிருந்து 40-ஐக் கழித்து 110 என்று சொல்லும் நாலு வரி நிரலும் உணரிதான். வெற்றிடத்தின் நீளம் ஓர் அவதானிப்பு, நீரின் உயரம் மற்றோர் அவதானிப்பு. இவ்விரண்டையும் பிரித்து எழுதியிருந்தால் எங்கள் மாடிப்படி நனைந்திருக்காது.

இத்தகைய ஆன்டாலஜிகளை வடிவமைப்பதில் எளிதில் சிக்கிக்கொள்ளும் பொறி ஒன்றும் உண்டு. வெப்பநிலை என்னும் உறவின் உரிமைக் களம், அதாவது அவ்வுறவு எந்த வகைப் பொருளுக்கு உரியது என்பது, அறை என்று ஒருவர் அறிவித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு யாராவது தொட்டியின் வெப்பநிலையைப் பதிந்தால், கணினி அதைப் பிழை என்று தடுக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் தர்க்க விதிப்படி அது, இந்தத் தொட்டியும் ஓர் அறை என்று முடிவுகட்டிவிடும்; ஏனெனில் அத்தகைய அறிவிப்பு காவல் அன்று, அனுமானத்துக்கான அனுமதி. இதனால்தான் சோசா அவ்வளவு இறுக்கமான களங்களை விதிக்காமல், பொதுவாக இங்கே பயன்படும் என்னும் குறிப்போடு நிறுத்திக்கொள்கிறது. தரவைச் சரிபார்க்க ஷாக்கிள் என்னும் தனி மொழி இருக்கிறது. அதையும் டபிள்யூ3சி 2017-இல்தான் பரிந்துரைத்தது.

புதிய கருவி செய்பவருக்கு ஆய்வு நிதி கிடைப்பதுபோல், சொல்லின் வரையறையை ஆண்டுக்கணக்கில் திருத்திப் பராமரிப்பவருக்குக் கிடைப்பதில்லை. இது தவறு என்றே கருதுகிறேன். கருவி சில ஆண்டுகளில் பழுதாகிவிடும். அது விட்டுச்செல்லும் தரவைப் பிறகும் படிக்க வேண்டுமானால் வரையறை உயிரோடு இருக்க வேண்டும்.

எங்கள் மீயொலி உணரியும் ஈரத்தில் கெட்டுப்போய், தொட்டியின் அடியில் அழுத்த உணரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். அதே 110 செ.மீ. நீருக்கு அது ஏறத்தாழ 10.8 கிலோபாஸ்கல் என்கிறது. நீர் ஏறினால் எண்ணும் ஏறுகிறது. அழுத்தத்தை உயரமாக்கும் சிறு நிரல் ஒன்றை மட்டும் புதிதாக எழுதினோம். திருத்தி எழுதிய மோட்டார் நிரல் இப்போது எந்த உணரியின் பெயரையும் கேட்பதில்லை, தொட்டி நீரின் உயரத்தைப் பற்றிய கடைசி அவதானிப்பையே கேட்கிறது; ஆகவே உணரியை மாற்றிய அன்று அதில் ஒரு வரியைக்கூட நாங்கள் தொடவில்லை.