ஜிக்லே: மை பீச்சும் அச்சு

ஓவியக் கண்காட்சிகளில் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் சில நேரம் ‘ஜிக்லே’ என்று போட்டிருப்பார்கள். கேட்க ஏதோ அரிய நுட்பம் போல இருக்கும். விஷயம் இதுதான்: நல்ல காகிதத்தில், நல்ல மையில் போட்ட இங்க்ஜெட் பிரிண்ட்.

கலிஃபோர்னியாவில் பாடகர் கிரகாம் நாஷ் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஜாக் டுகான் 1991இல் வைத்த பெயர் இது. அச்சகங்கள் வண்ணம் சரிபார்க்க வைத்திருந்த ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தில்தான் அங்கே கலைப்படங்களை அச்சிட்டார்கள். இங்க்ஜெட் என்று சொன்னால் ஆபீஸ் நினைப்பு வந்துவிடும் அல்லவா? அதனால் பிரெஞ்சுப் பக்கம் போனார். அங்கே ‘ஜிக்லே’ என்ற வினைக்குப் பீறிடுதல், பீச்சுதல் என்று பொருள். கொச்சையில் இன்னொரு பொருளும் உண்டு, அதை இங்கே எழுத முடியாது.

தமிழில் ‘தெளிப்பு அச்சு’ எனலாமா? எனக்கு ஒப்பவில்லை. வாசலில் சாணி தெளிக்கிறோம், அது பரவி விழுவது. நுண்துளை வழியாக அழுத்தத்தோடு, குறிவைத்து விழுவதற்குப் பீச்சுதல்தான் பொருத்தம். பால் பீச்சும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆகவே, மைப்பீச்சு அச்சு.

ஆனால் ஒரே சொல் போதாது. காங்கேயம் பக்கம் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்து கிளுவை வேலியையும் வெள்வேல மரத்தையும் நீர்வண்ணத்தில் தீட்டி, அதை ஸ்கேன் செய்து அச்சிட்டால் அது மைப்பீச்சு நகல். மூலம் வீட்டில் இருக்கிறது. அதே வெள்வேலப் பட்டையைப் படமெடுத்து, கொழுக்கட்டைப் புல்லின் கோட்டுருவை அதன்மேல் கணினியில் வரைந்து, அடுக்கடுக்காக நிறம் சேர்த்து அச்சிட்டால், அதற்கு முன்னால் மூலம் என்று ஒன்று காகிதத்தில் கிடையாது. அச்சில் வருவதே படைப்பு. அதை மைப்பீச்சு அச்சோவியம் என்று பிரித்துச் சொல்லலாம். ‘ஜிக்லே’ இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது, விலை கேட்கும்போதுதான் குழப்பம் தெரியும்.

அப்புறம், மை. ஐரிஸ் காலத்துச் சாய மைகள் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்தன. இப்போது நிறத்தூள் கலந்த நிறமி மையும் பருத்திக் காகிதமும் வந்துவிட்டன. திருப்பூரில் துணிமேல் மை பீச்சி அச்சிடுவதும் இதே வழிதான், அங்கே யாரும் ஜிக்லே என்பதில்லை, ‘டிஜிட்டல் பிரிண்ட்’ என்று முடித்துக்கொள்வார்கள். படம் வாங்குகிறவர்கள் மையையும் காகிதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலில் 3/25 என்றிருந்தால், 25 படிகளில் அது மூன்றாவது.